பொத்தானும் சிப்பும்: மின்சிகரட்டுக்குள் நடந்த ஒரு போட்டியின் கதை

அண்மையில் நாங்கள் நாலைந்து பேர் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, இந்த வேப் வெடிக்கும் எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?" ஒருவர் "ஓம், ஆக்கள் செத்துமிருக்கினம்" என்றார். இன்னொருவர் "அதெல்லாம் பழைய கதை. இப்ப எல்லாத்துக்குள்ளயும் சிப் இருக்கு, ஒண்டும் நடக்காது" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி. மிச்சப் பாதியைத் தேடிப் போனபோதுதான் அந்தச் சின்னக் குழலுக்குள் பெரிய வரலாறு ஒன்று கிடப்பது தெரிந்தது. சூட்டை யார் கட்டுப்படுத்துவது, பாவிக்கிற மனிதரா, உள்ளே இருக்கும் மின்சுற்றா என்ற கேள்விதான் அந்த வரலாறு. சுமார் 20 வருடங்களில் அந்தக் கேள்விக்கான பதில் மூன்று தடவை மாறியிருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்போம்.

முதலில் வந்தது எது?

மெக்கானிக்கல் என்றால் பழசு, எலெக்ட்ரோனிக் என்றால் புதுசு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இந்தக் கதையில் அது தலைகீழ்.

புகையில்லாத, புகையிலை இல்லாத சிகரட் ஒன்றுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹேர்பேர்ட் கில்பேர்ட் 1963இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1965இல் அது கிடைத்தது. ஆனால் அதை எந்தக் கம்பனியும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ஊரெல்லாம் தாராளமாகச் சிகரட் புகைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு கதை சீனாவுக்குப் போகிறது. ஷென்யாங் நகரைச் சேர்ந்த மருந்தாளர் ஹொன் லிக். தானே கடும் புகைப்பழக்கம் உள்ளவர், தகப்பனை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003இல் அவர் உருவாக்கிய கருவி அடுத்த வருடம் சீனச் சந்தைக்கு வந்தது. அவர் வேலை செய்த கம்பனி 'ருயான்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 'புகை போல' என்பது அதன் பொருள். 2006, 2007 அளவில் இந்தச் சாமான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த முதல் கருவிகளுக்குள்ளேயே மின்சுற்று இருந்தது. வாயில் வைத்து இழுத்தால் காற்றோட்டத்தை ஓர் உணரி கண்டுபிடித்து, பற்றரியைத் தானாகவே இயக்கும். பொத்தான் இல்லை. பார்வைக்கும் சிகரட் மாதிரியே இருக்கும். நுனியில் ஒரு சின்ன வெளிச்சம்கூட எரியும். ஆக, இந்தக் கதை மின்சுற்றோடுதான் தொடங்கியது. மின்சுற்றைக் கழற்றி எறிந்தது அதற்குப் பிறகு வந்தவர்கள்.

ரோச் லைற்றில் இருந்து வந்த புரட்சி

ஏன் கழற்றினார்கள்? சிகரட்டின் பருமனில் இருக்கும் குழலுக்குள் வைக்கக்கூடிய பற்றரி மிகச் சிறியது. சில மணித்தியாலத்தில் செத்துவிடும். ஆவியும் போதாது. சிகரட்டை விடுவதற்காக இதை வாங்கியவர்கள் திரும்பவும் சிகரட் பெட்டியைத் தேடினார்கள்.

அப்போதுதான் வீட்டு மேசைகளில் வேலை தொடங்கியது. ரோச் லைற்றின் உடலைக் கழற்றி, அதற்குள் பெரிய பற்றரியைப் போட்டு, தலைப்பக்கத்தில் ஆவியாக்கியைப் பூட்டினார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த டெட் ரொஜர்ஸ், மட் ரொஜர்ஸ் என்ற இருவர் 2008இல் செய்த 'ஸ்குரூட்ரைவர்' என்ற கருவிதான் முதலாவது 'மொட்' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மாற்றியமைத்தது என்ற அர்த்தத்தில் வந்த பெயர்தான் மொட்.

இந்த வழியில் வளர்ந்ததுதான் மெக்கானிக்கல் மொட். பித்தளை, செம்பு அல்லது துருப்பிடிக்காத உருக்கில் கடைந்த ஒரு குழல். உள்ளே 18650 பற்றரி. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், அதுதான் அந்த இலக்கத்தின் அர்த்தம். மடிக்கணினிப் பற்றரிகளுக்குள் இருந்த அதே வகைதான். கீழே ஒரு பொத்தான். பொத்தானை அமத்தினால் உலோகம் உலோகத்தில் முட்டும், மின் ஓடும், மேலே கம்பிச்சுருள் சூடாகும், பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். வயர் இல்லை, சிப் இல்லை, பியூஸ் இல்லை. குழலே வயர்.

கிரேக்கத்திலும் பிலிப்பைன்ஸிலும் அமெரிக்காவிலும் சின்னப் பட்டறைகளில் இவற்றைக் கடைந்து, இலக்கம் பொறித்து விற்றார்கள். கம்பியைத் தானே சுற்றி, பஞ்சைத் தானே வைத்துப் பாவிக்கிற ஒரு கூட்டமே உருவானது. ஆவியை யார் பெரிசாக விடுவது என்று போட்டிகளும் நடந்தன. கம்பனியிடம் கைகட்டி நிற்காமல், பழுதானால் தானே திருத்தலாம் என்பதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். ஒட்டி மூடிய போனை வாங்கி, பற்றரி போனால் போனையே எறிகிற எங்களுக்கு அந்த ஆசை விளங்கும்.

சாதாரண தரப் பாடம் ஒன்று

பிரச்சினை எங்கே இருந்தது என்று பார்க்க ஓமின் விதி போதும். எல்லாரும் படித்ததுதான். வோல்ற்றளவைத் தடையால் பிரித்தால் மின்னோட்டம்.

முழுதாகச் சார்ஜ் ஏறிய லிதியம் அயன் பற்றரியில் 4.2 வோல்ற் இருக்கும். கம்பிச்சுருளின் தடை 1.5 ஓம் என்றால் 2.8 அம்பியர் ஓடும், வலு கிட்டத்தட்ட 12 வாற்று. சுருளை 0.5 ஓமுக்குக் குறைத்தால் 8.4 அம்பியர், 35 வாற்று. இன்னும் ஆவி வேண்டும் என்று 0.1 ஓமுக்குக் கொண்டுபோனால் 42 அம்பியர், 176 வாற்று. அதிக மின்னோட்டத்துக்கென்றே செய்த நல்ல 18650 பற்றரிகளே தொடர்ச்சியாகத் தாங்கக்கூடியது 20 இலிருந்து 30 அம்பியர் வரைதான்.

அதாவது, சுருளின் தடை என்ன என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டியது பாவிப்பவர். பற்றரியின் எல்லை தெரிந்திருக்க வேண்டியதும் அவர். 42 அம்பியர் ஓடும்போது "நிப்பாட்டு" என்று சொல்ல உள்ளே ஒருவரும் இல்லை. வீட்டில ட்ரிப் சுவிச் இல்லாமல் வயர் இழுத்த மாதிரி.

இன்னுமொரு குறை. பற்றரி இறங்க இறங்க வோல்ற்றளவும் இறங்கும். 4.2இல் 35 வாற்று கொடுத்த அதே சுருள், 3.5 வோல்ற்றில் 24.5 வாற்றுத்தான் கொடுக்கும். காலையில் ஒரு ருசி, பின்னேரம் வேறொரு ருசி. பழகியவர்கள் இதையும் ஒரு கலையாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது கரைச்சல்.

சிப் திரும்பி வந்தது

2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹையோவில் இருந்த எவொல்வ் என்ற சிறிய நிறுவனம், எத்தனை வாற்று வேண்டும் என்று பாவிப்பவரே தெரிவுசெய்யக்கூடிய கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் 'டார்வின்'. பிறகு 'டிஎன்ஏ' என்ற பெயரில் அதே நிறுவனம் விற்ற சிப்புகளை மற்றவர்களும் தங்கள் பெட்டிகளில் பூட்டத் தொடங்கினார்கள்.

சிப் செய்கிற வேலை லேசானதல்ல. சுருளின் தடையை அளக்கிறது. நீங்கள் 15 வாற்று என்று வைத்தால், 1.5 ஓம் சுருளுக்கு ஏறத்தாழ 4.7 வோல்ற் தேவை என்று கணக்குப் போட்டு, பற்றரியில் 3.7 வோல்ற் மட்டும் இருந்தாலும் உயர்த்திக் கொடுக்கிறது. தடை ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் இயங்க மறுக்கிறது. பற்றரி அளவுக்கு மீறி இறங்கினால் நிறுத்துகிறது. பையுக்குள் பொத்தான் அமந்து கிடந்தால் சில செக்கன்களில் வெட்டிவிடுகிறது.

2014இல் வந்த டிஎன்ஏ 40 இன்னொரு படி போனது. நிக்கல் கம்பி சூடானால் அதன் தடையும் கூடும். 200 பாகை ஏறினால் தடை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அப்படியென்றால் தடையை அளந்தே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். வெப்பமானி தேவையில்லை. திரவம் முடிந்து பஞ்சு காய்ந்தால் சூடு சடாரென்று ஏறும், சிப் அதைப் பிடித்து வலுவைக் குறைக்கும். பஞ்சு கருகாது.

இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஒரு கடிதம் பெரிய சர்ச்சையானது. ஒரு கருவியை 3.3 வோல்ற்றில் இயக்கியபோது ஃபோமல்டிஹைட் சார்ந்த சேர்வைகள் காணப்படவில்லை, 5 வோல்ற்றில் இயக்கியபோது காணப்பட்டன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தளவு சூட்டில் கருகல் ருசி வரும், மனிதர் ஒருவரும் அதை இழுக்கமாட்டார் என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவு: எவ்வளவு சூடு என்பது உள்ளே போகும் நஞ்சின் அளவையே மாற்றும்.

அதே 2014இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதி 'வேப்' என்பதை வருடத்தின் சொல்லாகத் தெரிவுசெய்தது. பொத்தான் கட்சியும் சிப் கட்சியும் உச்சத்தில் சண்டை பிடித்தது அப்போதுதான். "எங்கட குழாயில பழுதாக ஒண்டும் இல்லை, உங்கட சிப் நனைஞ்சால் முடிஞ்சுது" என்று ஒரு பக்கம். "உங்கட குழாய் பைப் குண்டு" என்று மறுபக்கம்.

உயிர்கள் போனபோது

அந்த வசவு கடைசியில் வெறும் வசவாக நிற்கவில்லை.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 முடிய அமெரிக்க ஊடகங்களில் பதிவான 195 தீ, வெடிப்புச் சம்பவங்களை எண்ணியிருந்தார்கள். 133 பேர் காயப்பட்டிருந்தார்கள், அதில் 38 பேருடையவை கடும் காயங்கள். 61 சம்பவங்கள் நடந்தது காற்சட்டைப் பையுக்குள். 48 சம்பவங்கள் சார்ஜ் ஏறும்போது. இந்த எண்கள் சிப் கட்சிக்கும் ஒரு பாடம். பையுக்குள் திறப்போடும் சில்லறையோடும் சேர்த்துப் போட்ட உதிரிப் பற்றரியை எந்தச் சிப்பும் காப்பாற்றாது.

2018 மே மாதம் புளோரிடாவில் 38 வயதான ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் இப்படிப் பதிவான முதலாவது மரணம் அது. வெடித்த துண்டுகள் தலைக்குள் போயிருந்தன. 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்து நாடியைத் துண்டு வெட்டியது. இரண்டு சம்பவங்களிலும் கையில் இருந்தது மெக்கானிக்கல் வகை என்றே செய்திகள் சொல்லின.

ஏன் குழல் வகை இவ்வளவு கொடூரம்? பற்றரி அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே தொடர் தாக்கம் தொடங்கி வாயு வெளியேறும். அது வெளியேறப் போதிய துளை இல்லாமல் இரும்புக் குழலுக்குள் அடைபட்டால், குழல் துவக்குக் குழாயாகிவிடும். ஒரு முனையில் தரை, மறுமுனையில் முகம். பற்றரியின் பிளாஸ்ரிக் உறையில் ஒரு கிழிசல் போதும். ஆவியாக்கியின் நடு ஊசி அரை மில்லிமீற்றர் உள்ளே தள்ளியிருந்தாலும் போதும், நேர் முனையும் மறை முனையும் முட்டிக்கொள்ளும்.

24 வயது. எங்களில் பலருக்கு அதே வயதுதான். அவருக்கு ஓமின் விதி தெரிந்திருக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி இல்லை. ஒரு பாவனைப் பொருளை வாங்குவதற்கு மின்னியல் பரீட்சை எழுதவேண்டிய நிலைமையே பிழை.

இரண்டு கட்சியும் தோற்ற கதை

அப்படியென்றால் சிப் கட்சி வென்றதா? இங்கேதான் கதை திரும்புகிறது. பெரிய குழலையும் பெரிய பெட்டியையும் சேர்த்தே தோற்கடித்தது விரல் அளவான மூன்றாவது ஒன்று.

2015இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜூல் அறிமுகமானது. யுஎஸ்பி குச்சி மாதிரி இருக்கும். பொத்தான் இல்லை, திரை இல்லை, தெரிவுசெய்ய ஒன்றுமே இல்லை. சிப் உள்ளே இருந்து சூட்டைத் தானே பார்த்துக்கொண்டது. ஆனால் வெற்றியின் உண்மையான காரணம் சிப் அல்ல, திரவம். நிக்கொற்றினோடு பென்சோயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கினால் தொண்டையில் எரிவு குறையும். அதனால் அளவைக் கூட்டலாம். பெரிய மொட்டுகளில் பலர் பாவித்தது மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம் போலத்தான். ஜூலில் இருந்தது ஏறத்தாழ 59 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சம் 20.

கணக்கு விளங்குதோ? திரவத்தில் நிக்கொற்றின் குறைவாக இருந்தபோதுதான் அதிக ஆவியும், அதிக வாற்றும், பெரிய பற்றரியும் தேவைப்பட்டன. திரவமே கடுமையானதும் அந்தத் தேவை போய்விட்டது. பொத்தானா சிப்பா என்ற பத்து வருடச் சண்டையை ஓர் இரசாயன மாற்றம் ஒரே அடியில் முடித்துவைத்தது.

விலையைக் கொடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அமெரிக்க உயர்தரப் பாடசாலை மாணவர்களில் மின்சிகரட் பாவித்தவர்கள் 2017இல் 11.7 வீதம். 2018இல் 20.8 வீதம். 2019இல் 27.5 வீதம். நாலு பேரில் ஒருவருக்கு மேல். ஓமின் விதி தெரியாமல் மெக்கானிக்கல் மொட்டைத் தொடப் பயமிருக்கும். அந்தப் பயம் ஒரு வேலி. சிப் அந்த வேலியைப் பிடுங்கியபோது உள்ளே வந்தவர்கள் சிகரட்டை விட வந்த பெரியவர்கள் மட்டுமல்ல, ஒருநாளும் சிகரட் தொடாத பிள்ளைகளும்தான்.

2020 தொடக்கத்தில் அமெரிக்கா கெட்டில் மாற்றும் வகைகளின் இனிப்புச் சுவைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. பாவித்துவிட்டு எறியும் வகை அந்த விதிக்குள் வரவில்லை. ஒரே வருடத்தில், மின்சிகரட் பாவித்த அந்த மாணவர்களிடையே எறியும் வகையின் பங்கு 2.4 வீதத்தில் இருந்து 26.5 வீதத்துக்குப் பாய்ந்தது. சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் வியாபாரம் அடுத்த கதவால் வரும். பிறகு அங்கே மாணவர் பாவனை நன்றாகக் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

இனி எது ஓடும்?

மெக்கானிக்கல் மொட் முற்றாக அழியாது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். இசைத்தட்டும் ஃபில்ம் கமராவும் அழியவில்லை. கடைந்த செம்புக் குழலை அலுமாரியில் வைத்து ரசிப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் பரவலான பாவனைக்கு அது திரும்பாது. திரவம் மாறிவிட்டது, கடைக்காரர் பொறுப்பெடுக்கத் தயாரில்லை, பாதுகாப்பு விதிகளுக்கு முன்னால் பியூஸே இல்லாத ஒரு கருவி நிற்கவும் முடியாது.

எறியும் வகையின் காலமும் சில நாடுகளில் முடிகிறது. பெல்ஜியம் 2025 ஜனவரியில் தடைசெய்தது, பிரித்தானியா 2025 ஜூன் 1இல். பிரித்தானியாவில் 2023இல் வாரத்துக்கு 50 லட்சம் எறியப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இன்னும் வயிறெரிகிற தகவல்: அவற்றுக்குள் இருக்கும் பற்றரிகளை 450 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யலாம் என்று லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 450 தடவை உழைக்கக்கூடிய லிதியத்தை ஒரு தடவையோடு குப்பையில் போடுகிறோம்.

ஆகவே வரும் காலத்தில் ஓடப்போவது சார்ஜ் ஏற்றக்கூடிய, சின்ன, சிப் வைத்த கருவிகள்தான். திரை வைத்தவை, விளையாட்டு வைத்தவைகூட வந்துவிட்டன. ஒருகாலத்தில் உயிரைக் காக்க வந்த சிப் இப்போது பிள்ளையின் கண்ணைப் பிடிக்கிற வேலைக்கு மாறிவிட்டது.

இங்கே என்ன நிலைமை? புகையிலை அடங்கிய மின்சிகரட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையை இலங்கை 2016இல் ஒழுங்குவிதி மூலம் தடைசெய்தது. இந்தியா 2019இல் முழுதாகவே தடைசெய்தது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெடியளின் கையில் அது வந்து சேர்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். களவாக வரும் சாமானில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது, உள்ளே எந்தப் பற்றரி என்றும் தெரியாது.

புகைப்பழக்கம் உள்ள ஒருவர் சிகரட்டை விட இது உதவலாம் என்று பிரித்தானிய சுகாதாரத்துறை சொல்வதை நாங்கள் மறைக்கவில்லை. எரிந்த புகையிலை இதைவிடக் கொடிது என்பதும் உண்மை. ஆனால் எங்களிடம் கேள்வி கேட்ட தம்பி சிகரட்டே குடிக்காதவன். அவனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

அவனுக்கு நாங்கள் கடைசியாகச் சொன்னது இதுதான். வெடிக்குமா என்றால், சிப் இருந்தால் வெடிக்கிற சாத்தியம் மிகக் குறைவு. அந்த அண்ணா சொன்னது சரி. ஆனால் அந்தச் சிப் அளப்பது தடையை, வோல்ற்றளவை, வெப்பத்தை. நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்கிறாய், நாளைக்கு இது இல்லாமல் இருப்பியா என்பதை அது அளப்பதில்லை. அளந்தாலும் நிப்பாட்டாது. நிப்பாட்டினால் விக்கிறவனுக்கு நட்டம்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என்ர சிநேகிதன் ஒருத்தன்ர பழசு ஒண்டு இருக்கு, அதை என்ன செய்யிறது?" என்று கேட்டான். குப்பைக் கூடையில் போடவேண்டாம், நெருப்பில் போடவே வேண்டாம், மின்னணுக் கழிவு சேர்க்கிற இடத்தில் கொடு என்றோம். அந்தச் சிநேகிதன் யார் என்று நாங்கள் கேட்கவில்லை.